−99 என்பது எண் அல்ல: தரவுகளில் விடுபட்டவர்களைக் கையாளும் முறை

ஒரு மாவட்டத்தின் ஐந்து காவல் உட்கோட்டங்களில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் ஓராண்டில் பதிவான வழக்குகளின் எண்ணிக்கையைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியாகக் கேட்டதாகக் கொள்வோம். நான்கு உட்கோட்டங்கள் 42, 35, 28, 51 என விடையளிக்கின்றன. ஐந்தாவது உட்கோட்டம் “தகவல் தொகுக்கப்படவில்லை” என்று எழுதி அனுப்புகிறது. அட்டவணையைத் தட்டச்சு செய்பவர் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட விரும்பாமல் −99 என நிரப்புகிறார். தகவல் கிடைக்கவில்லை என்பதற்கு அவர் வைத்துக்கொண்ட அடையாளம் அது. சில மாதங்கள் கழித்து அதே கோப்பு வேறொருவர் கைக்குப் போகிறது. அவர் மாவட்டத்தின் மொத்த வழக்குகளைக் கூட்டுகிறார். கணினி 57 என்று காட்டுகிறது.

உண்மையில் விடையளித்த நான்கு உட்கோட்டங்களில் மட்டுமே 156 வழக்குகள் பதிவாகியிருக்கின்றன. ஏறத்தாழ நூறு வழக்குகளை, அதாவது நூறு குடும்பங்களின் முறையீட்டை, ஒரு தட்டச்சு வழக்கம் விழுங்கிவிட்டது. விடை −57 என்று வந்திருந்தால் யாராவது ஐயுற்றிருப்பார்கள். 57 என்பது நம்பக்கூடிய எண்ணாக இருப்பதால் அது அறிக்கையில் ஏறும். அங்கிருந்து செய்திக்குப் போகும். பிறகு “இம்மாவட்டத்தில் வன்கொடுமை குறைந்துவிட்டது” என்ற வாதத்துக்குச் சான்றாகும்.

மேற்சொன்னது கற்பனையான கணக்கு. ஆனால் இத்தகைய இடநிரப்பி எண்கள் நாம் அன்றாடம் பயன்படுத்தும் கணக்கெடுப்புக் கோப்புகள் பலவற்றிலும் இருக்கின்றன. தலித் இயக்கங்களும் ஆய்வு மாணவர்களும் இதழாளர்களும் அரசின் மூலத் தரவுகளைத் தாங்களே தரவிறக்கி ஆராயும் காலம் இது. அத்தரவுகளில் விடை இல்லாத இடங்களை எப்படிக் கையாள்வது என்பது கணினி வல்லுநர்களுக்கு மட்டுமான நுட்பச் செய்தி அல்ல. யார் கணக்கில் இருக்கிறார்கள், யார் விடுபடுகிறார்கள் என்ற கேள்வியே அது.

இந்த எண்கள் எங்கிருந்து வந்தன?

கணக்கெடுப்புத் தரவுகள் துளை அட்டைகளில் பதியப்பட்ட காலத்தில் ஒவ்வொரு கேள்விக்கும் அட்டையில் குறிப்பிட்ட அளவு இடமே ஒதுக்கப்பட்டது. அந்த இடம் வெறுமையாக இருந்தால் விடை இல்லையா, துளையிட மறந்துவிட்டார்களா என்று தெரியாது. எனவே விடை இல்லாத இடத்தில் 9, 99, 999 என்று நிரப்பும் வழக்கம் உண்டானது. வயதைக் குறிக்கும் கட்டத்தில் 99 என்பது உண்மையிலேயே ஒரு முதியவரின் வயதாகவும் இருக்கலாம் என்பதால், குறை எண்கள் வசதியாகத் தோன்றின. வயதோ கூலியோ பிள்ளைகளின் எண்ணிக்கையோ பூஜ்ஜியத்துக்குக் கீழே போகாது. ஆகவே −9 அல்லது −99 என்று எழுதினால் உண்மையான விடையோடு அது குழம்பாது என்பது அவர்கள் கருத்து.

இவ்வழக்கம் இன்றும் நீடிக்கிறது. பல நாடுகளின் மக்களிடம் “யாரை அண்டை வீட்டாராக ஏற்க மாட்டீர்கள்?” என்பது போன்ற கேள்விகளைக் கேட்கும் உலக விழுமியங்கள் கணக்கெடுப்பில் −1 என்றால் ‘தெரியாது’, −2 என்றால் ‘விடையளிக்கவில்லை’, −3 என்றால் ‘பொருந்தாது’, −4 என்றால் ‘இக்கேள்வி கேட்கப்படவில்லை’, −5 என்றால் பிற காரணங்களால் விடுபட்டது. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கட்டவாரியான மழைத் தரவில், அளவு இல்லாத இடங்களில் −999 இருக்கும்.

இவை அளவுகள் அல்ல. விடை ஏன் இல்லை என்று சொல்லும் சுருக்கச் சொற்கள். −1-க்கும் −2-க்கும் இடையிலுள்ள வேறுபாடு ஒன்று அல்ல. ‘தெரியாது’ என்பவரும் ‘சொல்ல மாட்டேன்’ என்பவரும் இருவேறு நிலையில் இருப்பவர்கள். இச்சொற்களை எண்ணின் உருவத்தில் எழுதி வைத்திருப்பதால் கணினி அவற்றைக் கூட்டுகிறது, பெருக்குகிறது, சராசரி எடுக்கிறது. தடுக்க வேண்டியது ஆய்வாளரின் பொறுப்பு.

மூன்று பிழைகள்

முதல் பிழை, குறியீட்டை எண்ணாகவே விட்டுவிடுவது. பத்து விவசாயக் கூலித் தொழிலாளர்களிடம் நாள் கூலி கேட்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். எட்டுப் பேரின் விடைகள்: 350, 400, 300, 450, 500, 350, 400, 350 ரூபாய். இருவர் சொல்லவில்லை, அவர்களுக்கு −99. விடையளித்த எட்டுப் பேரின் சராசரி 387 ரூபாய் 50 காசு. −99 இரண்டையும் சேர்த்துப் பத்துப் பேருக்குச் சராசரி எடுத்தால் 290 ரூபாய் 20 காசு. சராசரியை நம்பாமல் இடைநிலை அளவை எடுப்போர் உண்டு. அதுவும் தப்புவதில்லை. எட்டுப் பேரின் இடைநிலை 375 ரூபாய். −99-களோடு சேர்த்துப் பார்த்தால் 350 ரூபாய்.

இந்தப் பிழை எப்போதும் ஒரே திசையில் சாய்வதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கூலியில் இது நடந்தால் மக்கள் உண்மையைவிட வறியவர்களாகத் தெரிவார்கள். வன்கொடுமை வழக்குகளில் நடந்தால் வன்கொடுமை குறைந்ததாகத் தெரியும். நம் வாதத்துக்குச் சாதகமாக விழும் பிழையும் பிழைதான். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஒரே ஒரு −99-ஐக் கண்டுபிடித்துக் காட்டினால், அறிக்கையின் மற்ற உண்மைகளும் சேர்ந்தே நம்பகம் இழக்கும்.

இரண்டாம் பிழை, குறியீட்டைப் பூஜ்ஜியமாக மாற்றுவது. இது முதல் பிழையைவிட நாகரிகமாகத் தோன்றுவதால் அதிகம் பரவியுள்ளது. நம் முதல் எடுத்துக்காட்டில் ஐந்தாவது உட்கோட்டத்துக்குப் பூஜ்ஜியம் இட்டால் மொத்தம் 156 என்று சரியாகவே வரும். ஆனால் “ஐந்து உட்கோட்டங்களிலும் சேர்த்து 156” என்று அது சொல்லும். விடையளிக்க மறுத்த உட்கோட்டம் வன்கொடுமையே இல்லாத உட்கோட்டமாகப் பட்டியலின் உச்சியில் நிற்கும். தகவல் தராமைக்கு இதைவிடப் பெரிய பரிசு இல்லை.

‘இல்லை’ என்பதற்கும் ‘எண்ணவில்லை’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டைத் தலித் மக்கள் பட்டறிந்திருக்கிறார்கள். கையால் மலமள்ளும் தொழிலால் இறந்தவர் எவரும் இல்லை என்று ஒன்றிய அரசு 2021-இல் நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், கழிவுநீர்க் குழாய்களையும் மலத்தொட்டிகளையும் துப்புரவு செய்கையில் 941 பேர் இறந்திருப்பதாகவும் தெரிவித்தது. இறந்தவர்கள் வேறொரு பெயர் கொண்ட பத்திக்கு மாற்றப்பட்டதால் முதல் பத்தி பூஜ்ஜியம் ஆயிற்று. ஓர் அட்டவணையில் பூஜ்ஜியத்தைக் காணும்போது, அது எண்ணிப் பார்த்துக் கிடைத்ததா, எண்ணாததால் கிடைத்ததா என்று கேட்பது நம் முதல் கடமை.

மூன்றாம் பிழை, குறியீடு உள்ள வரிசைகளைச் சத்தமின்றி நீக்கிவிடுவது. பாடநூல்கள் பலவும் இதையே எளிய வழியாகச் சொல்கின்றன. விடையளிக்காதவர்கள் எந்த ஒழுங்குமின்றி அங்கொருவர் இங்கொருவராக இருந்தால் இதனால் பெரிய கேடு இல்லை. ஆனால் சாதி பற்றிய கேள்விகளில் மௌனம் அவ்வாறு பரவியிருப்பதில்லை. கேள்வி கேட்பவர் ஊரின் ஆதிக்கச் சாதியைச் சேர்ந்தவராக இருந்தால், நிலவுடைமையாளர் அருகில் நின்றுகொண்டிருந்தால், நகரத்தில் சாதியை மறைத்தே வாடகை வீடு பெற்றிருந்தால், விடையளிக்காமல் இருப்பதற்குக் காரணம் உண்டு. எங்கே ஒடுக்குமுறை கடுமையோ அங்கே மௌனமும் மிகுதியாக இருக்கக்கூடும். அவர்களை நீக்கிவிட்டால், பேசத் துணிந்தவர்களின் நிலைமையே அனைவரின் நிலைமையாக ஆகிவிடும்.

இதையும் கணக்கில் பார்க்கலாம். இரண்டு குடியிருப்புகளில் தலா நூறு தலித் குடும்பங்களிடம் “ஊர்க் கோயிலில் நுழையத் தடை இருக்கிறதா?” என்று கேட்டதாகக் கற்பனை செய்வோம். முதல் குடியிருப்பில் 30 பேர் ஆம், 30 பேர் இல்லை, 40 பேர் விடையளிக்கவில்லை. இரண்டாவதில் 40 பேர் ஆம், 55 பேர் இல்லை, 5 பேர் விடையளிக்கவில்லை. மௌனிகளை நீக்கினால் முதல் குடியிருப்பில் 50 விழுக்காடு, இரண்டாவதில் 42 விழுக்காடு. ஆனால் மௌனமாயிருந்த 40 பேரும் ‘இல்லை’ என்று சொல்லக்கூடியவர்களாக இருந்திருந்தால் முதல் குடியிருப்பின் அளவு 30 விழுக்காடு. அனைவரும் ‘ஆம்’ என்று சொல்லக்கூடியவர்களாக இருந்திருந்தால் 70 விழுக்காடு. இரண்டாவது குடியிருப்பின் அளவோ 40-க்கும் 45-க்கும் இடையில்தான் இருக்க முடியும்.

ஆகவே நேர்மையான அறிக்கை ‘50 விழுக்காடு’ என்று மட்டும் எழுதாது. “விடையளித்தோரில் 50 விழுக்காடு, நூற்றில் நாற்பது பேர் விடையளிக்கவில்லை, உண்மை அளவு 30-க்கும் 70-க்கும் இடையில் எங்கும் இருக்கலாம்” என்று எழுதும். அதோடு, அந்த நாற்பது பேர் ஏன் பேசவில்லை என்பதை ஒரு தனிக் கண்டறிதலாகவே எடுத்துக்கொள்ளும்.

எல்லாக் குறை எண்ணும் குறியீடு அல்ல

இடநிரப்பிகளின் ஆபத்தை உணர்ந்த சிலர் எதிர்த் திசையில் அவசரப்படுவதுண்டு. ‘பூஜ்ஜியத்துக்குக் கீழே உள்ள அனைத்தையும் அழித்துவிடு’ என்று கணினிக்கு ஒரே கட்டளை இடுவார்கள். இது எவ்வளவு பெரிய கேட்டைச் செய்யும் என்பதற்குத் தேசியக் குடும்பநல ஆய்வே சான்று.

அந்த ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் உயரம் அளக்கப்படுகிறது. ஒவ்வொரு குழந்தையின் உயரமும் உலக நலவாழ்வு நிறுவனத்தின் அளவுகோலில் அவ்வயதுக்குரிய நடு அளவிலிருந்து எவ்வளவு மேலே அல்லது கீழே இருக்கிறது என்பது திட்ட விலக்க அலகில் கணக்கிடப்படுகிறது. −2-க்குக் கீழே இருந்தால் வளர்ச்சி குன்றிய குழந்தை. −3-க்குக் கீழே இருந்தால் கடுமையாகக் குன்றிய குழந்தை. கோப்பில் புள்ளியைத் தவிர்ப்பதற்காக நூறால் பெருக்கி −200, −300 என்று பதிந்திருப்பார்கள். இங்கே குறை எண் என்பது இடநிரப்பி அல்ல. நீண்ட காலப் போதிய உணவின்மையும் அடுத்தடுத்த நோயும் ஒரு குழந்தையின் உடலில் விட்டுச்சென்ற அளவு. அதே பத்தியில் 9996, 9997, 9998 போன்ற எண்களும் இருக்கும். உயரமோ வயதோ நம்பத்தக்க எல்லைக்குள் இல்லை என்பதைக் குறிக்கும் குறியீடுகள் அவை. அதாவது இந்தப் பத்தியில் குறை எண்கள் உண்மை, பெரிய மிகை எண்கள் இடநிரப்பி.

குறை எண்களை மொத்தமாக அழிப்பவர், நடு அளவுக்குக் கீழேயுள்ள எல்லாக் குழந்தைகளையும் அழித்துவிடுவார். 2019–21-இல் நடந்த ஐந்தாவது ஆய்வின்படி இந்தியக் குழந்தைகளில் 35.5 விழுக்காட்டினர் வளர்ச்சி குன்றியவர்கள். பட்டியல் சாதி, பழங்குடிக் குழந்தைகளிடையே இவ்விகிதம் நாட்டுச் சராசரியைவிட அதிகம். மேற்சொன்ன ஒரே கட்டளையால் அந்த 35.5 பூஜ்ஜியமாகும். எஞ்சிய 9998-களோ 99.98 என்று வாசிக்கப்பட்டு, உலகில் எங்குமில்லாத உயரமுள்ள குழந்தைகளை உருவாக்கும்.

குறை எண் உண்மையாகவே இருக்கக்கூடிய பத்திகள் இன்னும் உண்டு. சொத்து மதிப்பிலிருந்து கடனைக் கழித்தால் ஏழைக் குடும்பங்களுக்குக் குறை எண் வரக்கூடும். சென்ற ஆண்டைவிடக் குறைந்த வருமானத்தின் மாற்றமும் குறை எண்தான். எனவே எந்த எண் குறியீடு என்பதை எண்ணின் தோற்றத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. ஒவ்வொரு தரவுக் கோப்புடனும் வெளியிடப்படும் குறியீட்டு விளக்க நூலைப் பத்தி பத்தியாகப் படித்தே முடிவு செய்ய வேண்டும்.

‘பொருந்தாது’ என்பதும் ஒரு விடை

விடுபட்ட இடங்களிலேயே ஆய்வாளர்கள் மிக எளிதாகத் தள்ளிவிடுவது ‘பொருந்தாது’ என்ற குறியீட்டை. சில வேளைகளில் முழு உண்மையும் அதில்தான் இருக்கிறது.

இந்திய மனிதவள மேம்பாட்டுக் கணக்கெடுப்பின் 2011–12 சுற்றில் 42,152 குடும்பங்கள் கலந்துகொண்டன. உங்கள் வீட்டில் யாராவது தீண்டாமை கடைப்பிடிக்கிறீர்களா என்று அவர்களிடம் கேட்கப்பட்டது. ‘இல்லை’ என்றவர்களிடம் மட்டும், பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவர் உங்கள் சமையலறைக்குள் வந்தாலோ உங்கள் பாத்திரங்களைப் பயன்படுத்தினாலோ ஏற்பீர்களா என்று அடுத்த கேள்வி கேட்கப்பட்டது. இரண்டு விடைகளையும் சேர்த்துப் பார்த்தபோது, ஏறத்தாழ 27 விழுக்காட்டுக் குடும்பங்கள் ஏதோ ஒரு வடிவில் தீண்டாமை கடைப்பிடிப்பதைத் தாங்களே ஒப்புக்கொண்டிருந்தன.

இப்போது இரண்டாம் கேள்வியின் பத்தியை மட்டும் எடுத்துப் பார்ப்போம். முதல் கேள்விக்கே ‘ஆம்’ என்று வெளிப்படையாகச் சொன்னவர்களிடம் இரண்டாம் கேள்வி கேட்கப்படவில்லை. எனவே அவர்கள் அந்தப் பத்தியில் விடை இல்லாதவர்களாக இருப்பார்கள். அந்த வெற்றிடங்களை நீக்கிவிட்டு விழுக்காடு எடுத்தால், தீண்டாமையை வெளிப்படையாக ஒப்புக்கொண்டவர்கள் அனைவரும் கணக்கிலிருந்து வெளியேறுவார்கள். இங்கே வெற்றிடம் என்பது ‘தெரியாது’ அல்ல. முந்தைய கேள்வியில் ஏற்கெனவே சொல்லப்பட்ட ‘ஆம்’.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் இதே சிக்கல் வேறு உருவில் உண்டு. 2011 கணக்கெடுப்பில் நாகாலாந்து, இலட்சத்தீவு, அந்தமான்–நிக்கோபார் ஆகியவற்றுக்குப் பட்டியல் சாதியினர் எண்ணிக்கை இல்லை. அப்பகுதிகளுக்கெனப் பட்டியலே அறிவிக்கப்படாததே அதற்குக் காரணம். இது ‘பொருந்தாது’, பூஜ்ஜியம் அல்ல. வன்கொடுமை விகிதத்தைக் கணக்கிடும்போது இவற்றைப் பூஜ்ஜிய விகிதம் கொண்ட முன்மாதிரிப் பகுதிகளாகக் காட்டுவது தவறு.

இதைவிட ஆழமான விடுபடல் ஒன்று உண்டு. 1950-ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர் ஆணை தொடக்கத்தில் பெரும்பாலும் இந்துக்களை மட்டுமே ஏற்றது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். தலித் கிறித்தவரும் தலித் முஸ்லிம்களும் இன்றும் அப்பத்தியில் இடம்பெற முடியாது. கணக்கெடுப்பாளர் அவர்கள் வீட்டு வாசலுக்கு வருகிறார். கேள்வி அவர்களுக்குப் ‘பொருந்தாது’ என்று படிவமே முடிவு செய்துவிடுகிறது. எந்தத் தூய்மைப்படுத்தலாலும் இவ்வெற்றிடத்தை நிரப்ப முடியாது. ஆனால் அட்டவணையின் அடியில் அதைச் சொல்ல முடியும், சொல்ல வேண்டும்.

வரைபடத்தில் நேரும் தவறுகள்

அட்டவணையைப் பார்ப்பவர்களைவிட வரைபடத்தைப் பார்ப்பவர்கள் அதிகம். இடநிரப்பிகள் அங்கே செய்யும் கேடும் அதிகம்.

கோட்டு வரைபடத்தில் −99 இருந்தால் கோடு திடீரெனப் பள்ளத்தில் விழுந்து எழும். செங்குத்து அச்சு அப்பள்ளத்துக்கு இடம் கொடுப்பதற்காக நீளும். மற்ற ஆண்டுகளுக்கிடையேயான உண்மையான ஏற்ற இறக்கம் நசுங்கிச் சமமாகத் தெரியும். இது கண்ணுக்குத் தெரியும் பிழை என்பதால் யாராவது திருத்திவிடுவார்கள். தெரியாத பிழைகளே கொடியவை. மடக்கை அளவில் வரைந்தால் குறை எண்களுக்கு அங்கே இடமில்லை. மென்பொருள் பலவேளை அப்புள்ளிகளை எச்சரிக்கையின்றிக் கைவிட்டுவிடும். வெற்றிடத்தின் இருபுறமும் உள்ள புள்ளிகளை நேர்கோட்டால் இணைத்தால், யாரும் எண்ணாத ஆண்டுக்கும் ஓர் எண் இருப்பதாகப் பார்ப்பவர் நினைப்பார். கோடு அங்கே அறுந்து நிற்க வேண்டும்.

மாவட்டங்களுக்கு நிறம் தீட்டும் நிலவரைபடங்களில் கூடுதல் கவனம் தேவை. வழக்குகள் மிகுந்த மாவட்டம் அடர்சிவப்பு, குறைந்த மாவட்டம் வெளிர்நிறம் என்று வைத்தால், −99 பெற்ற மாவட்டம் எல்லாவற்றிலும் வெளிர்ந்த நிறத்தைப் பெறும். தகவல் தராத மாவட்டமே மிக அமைதியான மாவட்டமாகக் காட்சியளிக்கும். அத்தகைய மாவட்டங்களுக்கு நிற வரிசையில் இல்லாத சாம்பல் நிறமோ சாய்கோடுகளோ இட்டு, ‘தகவல் இல்லை’ என்று விளக்கக் கட்டத்தில் எழுத வேண்டும்.

வெற்றிடத்தைப் பழைய எண்ணால் நிரப்பும் வழக்கமும் உண்டு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2019-ஆம் ஆண்டு அறிக்கையில், மேற்கு வங்கத்திலிருந்து உரிய காலத்தில் தகவல் வராததால் அம்மாநிலத்துக்கு 2018-இன் எண்களே பயன்படுத்தப்பட்டன. காப்பகம் அதைக் குறிப்பில் தெரிவித்திருந்தது. ஆனால் எண்ணை மட்டும் எடுத்துக் கோடு வரைபவர் “மேற்கு வங்கத்தில் 2018-க்கும் 2019-க்கும் இடையே எந்த மாற்றமும் இல்லை” என்று எழுதிவிடக்கூடும். அடிக்குறிப்பு எண்ணோடு சேர்ந்து பயணம் செய்வதில்லை. அதைச் சேர்த்து எடுத்துச் செல்வது நம் வேலை.

மென்பொருள்களின் மௌன முடிவுகள்

−99-ஐ வெற்றிடமாக மாற்றிவிட்டால் சிக்கல் தீர்ந்ததென்று எண்ண வேண்டாம். வெற்றிடத்தை ஒவ்வொரு மென்பொருளும் ஒவ்வொரு விதமாக நடத்துகிறது.

எக்செல் சராசரி எடுக்கும்போது வெற்றுக் கட்டத்தை விட்டுவிடும், பூஜ்ஜியத்தை விடாது. கோட்டு வரைபடத்தில் வெற்றுக் கட்டத்தை இடைவெளியாகக் காட்டுவதா, பூஜ்ஜியமாகக் காட்டுவதா, கோட்டால் இணைப்பதா என்பதற்குத் தனி அமைப்பு உண்டு. அதை நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆர் மென்பொருளில் ஒரே ஒரு வெற்றிடம் இருந்தாலும் சராசரி ‘இல்லை’ என்றே வரும். வெற்றிடத்தை விட்டுவிடும்படி நாம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். இது தொல்லையாகத் தோன்றினாலும் நேர்மையான வழி. ஸ்டேட்டாவில் வெற்றிடம் எல்லா எண்களையும்விடப் பெரியதாகக் கருதப்படும். மாத வருமானம் 10,000 ரூபாய்க்கு மேலுள்ள குடும்பங்கள் எத்தனை என்று கேட்டால், வருமானம் சொல்லாத குடும்பங்களும் அதில் சேர்ந்துவிடும்.

பைத்தான் மொழியில் பாண்டாஸ் தொகுப்பைப் பயன்படுத்துவோர் இரண்டு இடங்களில் விழிப்பாக இருக்க வேண்டும். எல்லாக் கட்டங்களும் வெறுமையாக உள்ள ஒரு மாவட்டத்தைக் கூட்டச் சொன்னால் விடை பூஜ்ஜியம் என்று வரும். ‘தெரியாது’ என்று வராது. சாதிவாரியாகத் தொகுக்கச் சொன்னால், சாதிப் பத்தி வெறுமையாக உள்ள குடும்பங்கள் அட்டவணையிலிருந்தே மறைந்துவிடும். இரண்டையும் மாற்றும் வசதி உண்டு. மாற்றாவிட்டால் இயல்பாக நடப்பது இதுவே.

எஸ்பிஎஸ்எஸ் கோப்பில் ‘−99 என்றால் விடுபட்டது’ என்று அறிவித்து வைக்கலாம். அக்கோப்பைச் சாதாரண அட்டவணையாக மாற்றிப் பிறருக்கு அனுப்பும்போது அறிவிப்பு பின்தங்கிவிடும். −99 மட்டும் வெறும் எண்ணாக மீண்டும் உயிர்பெறும்.

செய்ய வேண்டியவை

மூலக் கோப்பை ஒருபோதும் திருத்தக் கூடாது. படியெடுத்தே வேலை செய்ய வேண்டும். கணக்கிடத் தொடங்குமுன் ஒவ்வொரு பத்தியிலும் மிகச் சிறிய எண், மிகப் பெரிய எண், மிக அதிகமாகத் திரும்பவரும் எண் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். −9, −99, 98, 999, 9998 போன்றவை எங்கே பதுங்கியிருந்தாலும் இங்கே வெளிப்படும். பிறகு விளக்க நூலோடு ஒப்பிட்டு, அப்பத்திக்கு எவை குறியீடு என்று உறுதி செய்ய வேண்டும்.

குறியீட்டை வெற்றிடமாக மாற்றும்போது காரணத்தைத் தொலைத்துவிடக் கூடாது. பக்கத்தில் ஒரு புதிய பத்தி தொடங்கி, ‘தெரியாது’, ‘மறுத்தார்’, ‘பொருந்தாது’, ‘கேட்கப்படவில்லை’ என்று சொல்லிலேயே பதிய வேண்டும். அடுத்து, விடுபட்டவர்களைச் சாதிவாரியாகவும் பால்வாரியாகவும் ஊர்வாரியாகவும் எண்ண வேண்டும். தலித் குடும்பங்களில் மறுப்பு இருமடங்காக இருந்தால் அதுவே முதல் செய்தி. இறுதியாக, ஒவ்வொரு விழுக்காட்டின் அருகிலும் எத்தனை பேர் விடையளித்தார்கள், எத்தனை பேர் விடுபட்டார்கள் என்பது அச்சாக வேண்டும்.

எண்ணிக்கையின் அரசியல்

எண்ணிக்கை குறித்த இந்தக் கவனம் நமக்குப் புதியதல்ல. 1932-இல் வாக்குரிமை குறித்து ஆராய்ந்த லோதியன் குழுவில் அம்பேத்கர் உறுப்பினராக இருந்தார். தீண்டப்படாதோர் எத்தனை பேர் என்ற எண் பிரதிநிதித்துவத்தைத் தீர்மானிக்கும் என்று தெரிந்தவுடன், சில மாகாணக் குழுக்கள் அவ்வெண்ணிக்கையை வெகுவாகச் சுருக்கிக் காட்டின. கோடிகள் எப்படிப் பின்னங்களாயின என்று அம்பேத்கர் பிற்பாடு தனி அத்தியாயமே எழுதினார். மாகாணம் மாகாணமாக, மதிப்பீடு மதிப்பீடாக, எண்களை அருகருகே வைத்து முரண்பாட்டைக் காட்டியதே அவர் கையாண்ட முறை.

நம் காலத்தின் எடுத்துக்காட்டு 2011-இல் தொடங்கிய சமூகப் பொருளாதார சாதிக் கணக்கெடுப்பு. அதன் சாதி விவரங்கள் இன்றுவரை வெளியிடப்படவில்லை. 1931 கணக்கெடுப்பில் 4,147 சாதிகள் இருந்தன, இதிலோ 46 இலட்சத்துக்கும் மேற்பட்ட சாதிப் பெயர்கள் பதிவாகியுள்ளன, எனவே தரவு பயன்படுத்தத் தக்கதல்ல என்று ஒன்றிய அரசு 2021-இல் உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. பெயர்களை முன்கூட்டியே ஒழுங்குபடுத்தும் குறியீட்டுப் பட்டியல் இல்லாததன் விளைவு அது. தரவிலுள்ள குழப்பம், தரவையே மறைப்பதற்கான காரணமாக ஆயிற்று.

2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்டு அறிவிக்கப்பட்டுள்ள மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியும் கேட்கப்படும் என்று அரசு கூறியுள்ளது. சாதி கேட்கப்பட வேண்டும் என்று போராடியவர்கள் அத்துடன் நின்றுவிட முடியாது. சாதியைச் சொல்ல மறுத்தவருக்கு என்ன குறியீடு, சாதியில்லை என்று சொன்னவருக்கு என்ன குறியீடு, பட்டியலில் இல்லாத பெயரைச் சொன்னவரை எந்தப் பத்தியில் வைப்பார்கள் என்ற விதிகள் முன்கூட்டியே வெளியாக வேண்டும். இந்த மூன்று வகையினரின் எண்ணிக்கையும் மாவட்டவாரியாகத் தனித்தனியே அச்சிடப்பட வேண்டும். இவற்றைக் கோரும் மனுக்கள், முடிவுகள் வந்த பிறகல்ல, கணக்கெடுப்பாளர் வாசலுக்கு வருமுன்பே அனுப்பப்பட வேண்டியவை.